பழமனை புதுக்கலும் கையறிவும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் செங்கல்லையும் சுண்ணாம்பையும் பற்றிப் பேசப் புகுவது உங்களுட் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். காரியதரிசி அவர்கள் என்னை அழைத்தபோது, ஏதேனும் ஓர் இலக்கியப் பொருள்பற்றியே பேசுவேன் என்று எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும், நம் இளைஞர் பலர் இக்காலத்தில் பழைய வீடுகளை வாங்கிப் புதுக்கி விற்கும் தொழிலில் ஆசை வைத்திருக்கின்றனர் என்பதையும், அவருட் சிலர் கடன்பட்டு வருந்துகின்றனர் என்பதையும் யான் அறிவேன். அத்தொழிலை என் தம்பி மேற்கொண்டான். யான் பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அவனுடன் நின்று மண்சுமந்தும், மற்றை நாட்களில் அவனுடைய வரவுசெலவுக் கணக்கை எழுதியும் வந்தேன். அவ்வாறு கண்டவற்றை ஒளியாமற் கூறின் பிறர்க்குப் பயன்படும் என்று எண்ணியே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

முதற்கண் இத்தொழிலின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். பாழ்பட்ட வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, பழுதுபார்த்து, கூடிய விலைக்கு விற்றல் என்பதே இதன் சுருக்கம். அமெரிக்க நாட்டார் இதனை 'ஃபிளிப்பிங்' என்பர். தோசையைத் திருப்பிப் போடுதல் போல வீட்டை விரைவில் கைம்மாற்றுதல் என்பது அச்சொல்லின் கருத்து. 2005ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் இதனையே காட்டும் நிகழ்ச்சிகள் தோன்றின. அரைநாழிகைப் பொழுதில் பாழ்வீடு மாளிகையாவதைக் கண்டோர், தாமும் அவ்வாறே செய்யலாம் எனக் கருதிக் கடன் வாங்கினர். 2006ஆம் ஆண்டிற்குப் பின் வீட்டு விலைகள் அங்கே வீழத் தொடங்கின. 2008ஆம் ஆண்டில் பெரிய வங்கிகளே நிலைகுலைந்தன. விலையேற்றத்தையே நம்பிப் பல வீடுகளை வாங்கிவைத்தோர் வட்டிக்கு இரையாயினர். அதற்கு முன்னரே, 2003ஆம் ஆண்டில், விற்பவர் வாங்கி 90 நாள் கழியாத வீட்டிற்கு அரசினரின் கடன் காப்புறுதி கிடையாது என அந்நாட்டில் ஒரு விதி செய்யப்பட்டிருந்தது. விரைவாகக் கைம்மாறும் வீட்டில் வஞ்சனை புகுதல் எளிது என்பதை அவ்வரசு உணர்ந்திருந்தது என்க.

இனி, நம் வீட்டுக் கதைக்கு வருவேன். காவிரிக்கரை ஊர் ஒன்றில் ஒரு பழைய வீடு. ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், பின்கட்டு என்று முறைப்படி அமைந்தது. நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய சுவர், மேலே சீமையோடு, நிலைகளும் கதவுகளும் தேக்கு. பத்தாண்டுகளாக எவரும் குடியில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் 24 லட்ச ரூபாய்க்கு விலை முடிந்தது. ஒரு பொறியாளரிடம் கேட்டதில், பழுதுபார்க்க 5 லட்சம் போதும் என்றார். ஆறு மாதத்தில் வேலை முடியும் என்பது எங்கள் எண்ணம். உண்மையிற் சென்ற காலம் 14 மாதம். பழுதுபார்க்கச் சென்ற தொகை 8,10,000 ரூபாய். இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது என்பதே இன்று யான் கூறப்புகும் பாடம்.

முதற்பாடம் பத்திரத்தில் நேர்ந்தது. அவ்வீடு ஒருவர் தம் சொந்த உழைப்பால் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் இறந்தார். புதல்வர் மூவர், புதல்வியர் இருவர். புதல்வர் மூவரும் ஒரு மகளும் கையொப்பமிட இசைந்தனர். மற்றொரு மகள் தொலைவான ஊரில் வாழ்க்கைப்பட்டவர். "அந்த அம்மாள் பங்கு கேட்கமாட்டார், வரவழைக்க வேண்டியதில்லை" என்றார் தரகர். தம்பியும் நம்பி முன்பணம் கொடுத்துவிட்டான். நல்வினைப்பயனாக, பத்திரத்தைப் படித்த வழக்கறிஞர் அதனைத் தடுத்தார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயிலின்றி இறந்தவரின் சொந்த ஆஸ்தியில் மகனுக்கும் மகளுக்கும் ஒத்த பங்கு உண்டு. மகள் மணமானவரா, எவ்வூரில் வாழ்கின்றார் என்னும் வினாக்களுக்கு அங்கே இடமில்லை. பிதிரார்ஜித ஆஸ்தியிலும் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டம் மகளிர்க்கு உரிமை தந்தது. அஃது அதற்கு முன் மணமான மகளிரை விலக்கியிருந்தது. 2005ஆம் ஆண்டு மத்திய சட்டம் அவ்விலக்கு இன்றியே அவ்வுரிமையை வழங்கிற்று. நம் சமூகத்தில் இன்னும் பல வீடுகளில், 'சீர் செய்து அனுப்பிவிட்டோம். இனிப் பங்கு எங்கே?' என்னும் பேச்சு நிகழ்கின்றது. அப்பேச்சை நம்பி வீடு வாங்குவோன், பிற்காலத்தில் நீதிமன்றத்தின் படிகளை எண்ணிக்கொண்டிருக்க நேரும்.

அந்த அம்மையார் பதிவு நாளன்று வந்தார். பங்குத்தொகை முறையே அவர்க்கும் கொடுக்கப்பட்டது. கையொப்பமிட்டபின் அவர், "பின்கட்டுக் கிணறு இன்னும் இருக்கின்றதா, தம்பி?" என்று வினவினார். யாங்கள் கண்ட வீட்டிற் கிணறு இல்லை. வயது முதிர்ந்தவர், வேறொரு வீட்டை நினைந்து கேட்கின்றார் போலும் என்று எண்ணி, "இல்லை அம்மா" என்று கூறிப் புறப்பட்டுவிட்டோம். அந்த வினாவின் பொருள் எங்கட்கு விளங்க ஆறு மாதம் ஆயிற்று.

இரண்டாம் பாடம் சுவரில் நேர்ந்தது. கூடத்துச் சுவரின் அடிப்புறம் மூன்றடி உயரத்திற்கு உவர் பூத்து, காரை உதிர்ந்திருந்தது. தம்பி ஆடி மாதத்திலேயே பழங்காரையைக் கொத்தியெறிந்து, ஒன்றுக்கு ஐந்து என்னும் அளவிற் சிமெண்டுப் பூச்சுப் பூசி, மேலே விலைகூடிய வர்ணமும் தீட்டுவித்தான். வீடு பளபளவென்று விளங்கிற்று. யானும் மகிழ்ந்தேன். ஐப்பசியில் அடைமழை தொடங்கிற்று. கார்த்திகை பிறக்குமுன் வர்ணம் கொப்புளித்தது; பூச்சு வயிறு ஊதியதுபோல் எழும்பியது; ஓதம் முன்னே மூன்றடி நின்றது, இப்போது நாலரை அடிக்கு ஏறிற்று.

அப்பொழுதுதான் முதியவர் ஒருவரை அழைத்துவந்தோம். அறுபது கடந்த கொத்தனார். எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்க வல்லவர். அவர் சுவரை விரற்கணுவால் தட்டிப்பார்த்தார். பின்பு உள்ளங்கையை வைத்துச் சிறிதுபோது நின்றார். "வாத்தியார் ஐயா, இந்தச் சுவருக்கு மூக்கை அடைத்துவிட்டீர்கள், அது வேறெங்கே மூச்சுவிடும்?" என்றார். எத்தனையோ உரையாசிரியர்களைப் பயின்ற எனக்கு, இதனினும் தெளிவான உரை ஒன்று வாய்த்ததாக நினைவில்லை.

அதன் காரணத்தைப் பின்னர் அறிந்துகொண்டேன். பழைய சுவர்களின் அடியில் ஈரந்தடுக்கும் படலம் கிடையாது. மண்ணிலுள்ள நீர் செங்கல்லின் நுண்டுளைகள் வழியே மேலேறும். சுண்ணாம்புப் பூச்சு அந்நீரை ஆவியாய் வெளியேற விடும். சிமெண்டுப் பூச்சு நெருக்கமானது, எளிதில் விடாது. தடையுண்ட நீர் இன்னும் மேலே ஏறிப் புதுவழி தேடும். அதனோடு வந்த உப்புப் பூச்சின் பின்னே படிகமாகித் திரண்டு, பூச்சையே தள்ளிவிடும். புதுச் சுவருக்கு மருந்தானது பழஞ்சுவருக்கு நஞ்சாயிற்று.

கொத்தனார் தை மாதத்தில் வேலை தொடங்கினார். சிமெண்டு முழுவதையும் கொத்தி நீக்கி, சுவரைப் பல நாள் உலரவிட்டார். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி ஊறவைத்தார். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரைச் சேர்த்து, ஒன்றுக்கு மூன்று மணல் கலந்து அரைத்தார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாவது. அதனை விரைவுபடுத்தல் ஒல்லாது. 'நாலு நாளிற் பூசி முடியுங்கள்' என்று தம்பி நெருக்கியபோது, அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அவசரமென்றால் வேறாளைப் பாருங்கள்" என்றார். தம்பி அடங்கினான். அன்றுமுதல் அவனே அவர்க்குச் சிற்றாளாக நின்றான். காரை குழைத்தல், சல்லடை பிடித்தல், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தல், மட்டப்பலகை இழுத்தல் என்னும் இவற்றை ஒவ்வொன்றாகக் கற்றான். ஒரு மாதத்தில் அவன் உள்ளங்கை காய்த்துவிட்டது. முன்னே ஒப்பந்தக்காரர் சொன்னதை நம்பியவன், இப்போது ஒரு சுவரைக் கண்டதும், இத்தனை சதுரஅடி, இத்தனை மூட்டை, இத்தனை ஆள், இத்தனை நாள் என்று தானே சொல்ல வல்லவனாயினான். இஃது ஏட்டில் வந்த அறிவன்று, தோளில் வந்தது.

மூன்றாம் பாடம் கூரையில் நேர்ந்தது. சீமையோடுகளை மாற்றினால் ஒழுக்கு நிற்கும் என நினைத்தோம். ஓடு மாற்றியும் முற்றத்து மூலையில் நீர் சொட்டிற்று. இரண்டு கூரைச் சரிவுகள் கூடும் மூலையில் தகரக் கால்வாய் ஒன்று உண்டு. அது துருப்பிடித்து ஓட்டையாயிருந்தது. பல ஆண்டு நீர் இறங்கியதால், அதன்கீழ் நின்ற மூலைக்கைமரம் வெளியே உறுதியாய்த் தோன்றினும் உள்ளே கறையான் தின்று புழுதியாயிருந்தது. கொத்தனார் ஓர் உளியால் தட்டினார், நன்மரம் கணீரென்னும், அம்மரமோ பொத்தென்றது. வாங்குமுன் யாரேனும் ஒருவர் ஓர் ஏணி வைத்து ஏறி அம்மரத்தைத் தட்டியிருந்தால், விலை பேசும்போதே அதனைக் கழித்திருக்கலாம். ஏறத் துணியாத சோம்பலுக்கு யாங்கள் கொடுத்த விலை 1,10,000 ரூபாய்.

நான்காம் பாடமே இச்சொற்பொழிவின் உயிர்நிலை. 2024 நவம்பர் மாத மழையிற் பின்கட்டு அறையின் தளம் ஒரு மூலையில் நாலு விரற்கடை தாழ்ந்தது. தளத்தைப் பெயர்த்துத் தோண்டினோம். வட்டமாகச் சுடுமண் உறை தென்பட்டது. கிணறு! எக்காலத்தோ குப்பையும் சாம்பலும் இடிபாடும் கொட்டித் தூர்த்து, அதன்மேல் அறை எழுப்பியிருக்கின்றனர். அந்த அம்மையார் பிறந்த வீட்டின் உண்மையைச் சொன்னார். கற்றோம் என்று செருக்கிய யாங்கள் அதனைக் காதிற் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டிற் பிறந்து வளர்ந்த பெண்டிர்க்கும், அங்கே வேலைசெய்த முதியோர்க்கும் தெரிந்தவை பத்திரத்தில் இரா. ஒரு வீட்டை வாங்குமுன் அவர்களிடத்தில் ஒரு பொழுது அமர்ந்து கேளுங்கள்.

தளர்ந்த குப்பையை ஆறடி ஆழத்திற்கு வாரியெடுத்து, மணலும் சரளையும் படலம் படலமாக இட்டு, நீர் விட்டு இடித்து, மேலே கம்பிகட்டிய காங்கிரீட்டுத் தளத்தை இருபுறமும் கெட்டிநிலத்தில் தாங்கும்படி அமைத்தோம். இதற்குச் சென்றது 75,000 ரூபாய். ஓதச்சுவரை மறுபடி பூசியதற்கு 90,000. மரத்திற்கு முற்கூறிய 1,10,000. சாக்கடைக்கும் மின்கம்பி மாற்றத்திற்கும் 35,000. எதிர்பாராச் செலவு இந்நான்கும் கூடி 3,10,000 என்க.

2025 ஜூலையில் வீட்டை வாங்க ஒருவர் வந்தார். 39 லட்சத்திற்கு விலை பேசி முடிந்தது. அவர் நம் சமூகத்தவர் அல்லர். கிணற்றின் செய்தியை அவரிடம் கூறவேண்டும் என்று யான் சொன்னேன். உடனிருந்த உறவினர் ஒருவர், "நம்மவராயிருந்தால் சொல்லத்தான் வேண்டும், அயலார்க்கு ஏன் சொல்லவேண்டும்? தளம் கெட்டியாகத்தானே இருக்கின்றது?" என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை. அவன் தலையில் வட்டிக்கடன் இருந்தது; வீட்டில் இரண்டு குழந்தைகள். அன்றிரவு அவன் உறங்கவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

சகோதரர்களே! இவ்விடத்தில் இரண்டு செய்திகளைக் கருதவேண்டும். முதலாவது சட்டம். 1882ஆம் ஆண்டு ஆஸ்தி மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்போன் தான் அறிந்ததும், வாங்குவோன் அறியாததும், சாதாரணக் கவனத்தால் அவன் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறையை வெளியிட்டே தீரவேண்டும் என்கின்றது. மறைத்தல் மோசடியாகும் எனவும் கூறுகின்றது. தளத்தின் கீழ் புதைந்த கிணற்றினும் இதற்குப் பொருந்திய உதாரணம் வேறு உண்டோ? அமெரிக்க நாட்டிலும் 1978ஆம் ஆண்டிற்கு முற்பட்ட வீட்டை விற்போர், ஈயங் கலந்த வர்ணம் இருப்பது தமக்குத் தெரிந்தால் வாங்குவோர்க்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என 1992ஆம் ஆண்டில் விதித்தனர். அவ்வீயம் சிறு குழந்தைகளின் மூளைக்குக் கேடு செய்வது. வர்ணம் பூசி மறைத்தல் எளிது என்பதனாலேயே சட்டம் வாயைத் திறக்கச் சொல்லுகின்றது.

இரண்டாவது அறம். நம்மவர்க்கு ஒரு நேர்மை, பிறர்க்கு ஒரு நேர்மை என்று இரண்டு தராசு வைத்திருப்போன் வணிகன் அல்லன். இதனை இச்சங்கத்தின் மேடையிலேயே நின்று கூறுகின்றேன். நாம் ஒரு சமூகமாகக் கூடியிருப்பது, நம் பிள்ளைகளின் கல்விக்கும் ஏழைகளின் உதவிக்குமே அன்றி, அயலாரை ஏய்ப்பதற்கு ஒருவர்க்கொருவர் துணைபோவதற்கு அன்று. 'இவர்கள் வீட்டை வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று பிறர் கூறுவதினும் பெரிய செல்வம் நம் சமூகத்திற்கு உண்டோ?

மறுநாட் காலையில் தம்பியே அவரை அழைத்துச் சென்று, அறையின் மூலையைக் காட்டி, கிணறு இருந்த இடம், நிரப்பிய முறை, தளத்தின் கனம் எல்லாவற்றையும் கூறினான். வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் காட்டினான். அவர் இரண்டு நாள் தவணை கேட்டார். தம் பொறியாளரை அழைத்துவந்து பார்த்தார். பின்பு 37,50,000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாகக் கூறினார். தம்பி இசைந்தான். கிரயப் பத்திரத்தில் அச்செய்தி எழுதப்பட்டது.

இனிக் கணக்கைக் கேளுங்கள். ஊரார் வாயில் வழங்குவது, '24 லட்சத்திற்கு வாங்கி 37½ லட்சத்திற்கு விற்றான். 13½ லட்சம் இலாபம்' என்பது. உண்மை இது:

வீட்டு விலை 24,00,000. முத்திரைத் தீர்வை, மாற்றுவரி, பதிவுக்கட்டணம் மூன்றும் கூடி நூற்றுக்கு 9 வீதம் 2,16,000. வழக்கறிஞர்க்கும் பத்திர எழுத்தர்க்கும் 25,000. பழுதுபார்த்த செலவு 8,10,000. கடன் 15 லட்சத்திற்கு நூற்றுக்கு 10 வட்டியாக 14 மாதத்திற்கு 1,75,000. வீட்டுவரி, மின்கட்டணம், காவல் முதலியன 24,000. ஆக மொத்தம் 36,50,000. விற்றபோது தரகு நூற்றுக்கு 1 வீதம் 37,500. எஞ்சியது 62,500 ரூபாய்.

பதினான்கு மாத உழைப்பிற்கு மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 4,460 ரூபாய்! அதனிலும் வருமானவரி உண்டு. 24 மாதத்திற்குள் விற்ற ஆஸ்தியின் இலாபம் குறுகியகால இலாபமாய் ஏனைய வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். இதனையே தொழிலாகப் பலமுறை செய்வோர்க்கு அது வியாபார வருமானமாகவே கொள்ளப்படும். கூலிக்குச் சென்றிருந்தால் தம்பி இதனினும் பன்மடங்கு ஈட்டியிருப்பான். ஆயின், அவன் இத்தொகையை நட்டம் என்று கூறுவதில்லை. பள்ளிக்கூடச் சம்பளம் என்று கூறுகின்றான். இப்போது அவன் இரண்டாவது வீட்டிற்கு விலை பேசுகின்றான். ஏணியும் உளியும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டே பார்க்கச் செல்கின்றான். அடைமழைக் காலத்தில் ஒருமுறை பாராமல் எவ்வீட்டிற்கும் முன்பணம் கொடுப்பதில்லை.

இத்தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்க்குச் சில சொற்கள். முதலில் ஒரு நல்ல கொத்தனாரிடத்தில் ஆறு மாதமேனும் சிற்றாளாயிருங்கள். அதன்பின் தச்சரிடத்திலும், மின்வேலை செய்வாரிடத்திலும் சில வாரம் நில்லுங்கள். எல்லாவற்றையும் நீங்களே செய்யவேண்டும் என்பதன்று. பிறர் செய்வதன் நன்று தீது உங்களுக்குத் தெரியவேண்டும். மதிப்பிட்ட செலவோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக் கணக்கிடுங்கள்; அதன்பின்னும் இலாபம் தோன்றினால் மட்டுமே வாங்குங்கள். தூணும் நிலையும் பெயர்த்து விற்றால் உடனே பணம் என்று ஆசை காட்டுவோர் வருவர். காரைக்குடியின் பழம்பொருட் கடைகளிற் கிடக்கும் தேக்குத்தூண்களையும் கதவுகளையும் கண்டோர், எத்தனை வீடுகள் அவ்வாறு எலும்பாயின என்பதை உணர்வர். நின்ற வீடு ஒரு குடும்பத்தை நூறாண்டு காக்கும். பெயர்த்த தூண் ஒரு வரவேற்பறையின் மூலையில் நிற்கும்.

முத்திரைத் தீர்வைக்கு அஞ்சி, கிரயம் செய்யாமற் பொது அதிகாரப் பத்திரத்தால் கைம்மாற்றலாம் என்று தரகர் கூறுவர். அத்தகைய பத்திரம் உரிமையை மாற்றாது என 2011ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அவ்வழியைக் கனவிலும் கருதாதீர். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாய் வாங்குதலும் 2015ஆம் ஆண்டுமுதல் தடுக்கப்பட்டது. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று என்னும் நான்கையும் கண்ணால் காணாமற் கைப்பணத்தை அவிழ்க்காதீர்.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் வீடுகளில், 'படித்த பிள்ளை மண்சட்டி தூக்குவதா?' என்னும் நாணம் இன்னும் உண்டு. பட்டம் பெற்று மூன்றாண்டு வேலையின்றித் திண்ணையில் அமர்ந்திருத்தற்கு நாணாதவர், ஒரு நாள் சுண்ணாம்பு குழைத்தற்கு நாணுதல் என்ன முறை? தம்பிக்குக் கற்பித்த முதியவர் வேறு சமூகத்தவர். அவருடைய கைத்திறனுக்குமுன் என் புலமையும் தம்பியின் பட்டமும் மாணாக்கர் நிலையிலேயே நின்றன. அவருடன் வந்த சிற்றாட் பெண்டிர் காலைமுதல் மாலைவரை சுமந்த சுமையை ஒரு நாள் யானும் சுமந்தேன். அன்றுமுதல் அவர்கள் கூலியைப்பற்றிப் பேரம் பேச என் நா எழுவதில்லை.

இறுதியாக ஒன்று. இச்சங்கக் கட்டிடத்தின் பின்தாழ்வாரம் மழைக்கு ஒழுகுகின்றது. சென்ற ஆண்டில் அதனைப் பழுதுபார்க்க ஒப்பந்தக்காரர் கேட்ட தொகை கூடுதல் என்று செயற்குழு அதனைத் தள்ளிவைத்தது. வருகின்ற சித்திரையில், பள்ளி விடுமுறைக் காலத்தில், நம் இளைஞர் பத்துப்பேர் அக்கொத்தனார் கீழ் நின்று அதனைப் பழுதுபார்க்கட்டும். அவர்க்குரிய கூலியையும், அவர் கற்பிக்கும் வேலைக்குக் குருதட்சணையையும் சங்கம் கொடுக்கட்டும். கணக்கெழுதும் பொறுப்பை யான் ஏற்றுக்கொள்ளுகின்றேன். தம்பி ஏணியைக் கொண்டுவருவதாகக் கூறியிருக்கின்றான். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்தவுடன் காரியதரிசி அவர்களிடத்தில் எழுதிக்கொடுக்க வேண்டுகின்றேன்.